நொய்யும் தவிடும் ஒரு பச்சைக் குஞ்சும்

டிவிஎஸ் வண்டியின் பின்னால் கூடை கட்டிக்கொண்டு கலர் கோழிக்குஞ்சு விற்பவர் கோட்டைப்பட்டினத்துத் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்துவைக்க முடியாது. ரோஸ், பச்சை, ஊதா என்று சாயத்தில் முக்கியெடுத்த குஞ்சுகள். எதிர்வீட்டு லாத்தா பேரனின் அழுகைக்கு இறங்கி இரண்டு பச்சைக் குஞ்சுகள் வாங்கினார். ஒன்று மறுநாளே செத்துப்போனது. மற்றதை ஆறாம் நாள் என்னிடம் தூக்கிவந்தார். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, உள்ளே விரித்த செய்தித்தாள், அதன் நடுவே குஞ்சு. கால்கள் ஆளுக்கொரு பக்கம் விரிந்து, அமுக்கி வைத்த தவளைபோல் வயிற்றை வைத்துக் கிடந்தது. ஆனால் கண் பளிச்சென்று இருந்தது. விரலை நீட்டினால் கொத்த வந்தது.

"கால்ல சத்தே இல்ல தம்பி. மஞ்சள அரைச்சுப் பூசிப் பாத்துட்டேன், கேக்கல" என்றார்.

குஞ்சு காலை இழுத்தால் நாம் காலைத்தான் பார்ப்போம், காலில்தான் எதையாவது பூசுவோம். ஆனால் கோழியின் காலில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் காலில் பிறப்பதில்லை. தரையில் பிறக்கிறது, தீவனத் தட்டில் பிறக்கிறது, வெயில் படாத மூலையில் பிறக்கிறது, சில நேரம் கண்ணுக்குத் தெரியாத வைரசில் பிறக்கிறது. எதில் பிறந்தது என்பதைப் பல சமயம் வெறுங்கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முதலில் கோழியின் காலைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

கோழிக்கு முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது முழங்கால் இல்லை, கணுக்கால். பிரியாணியில் வரும் லெக் பீஸை நினைத்துப் பாருங்கள். கையில் பிடித்துக் கடிக்கிற அந்த எலும்பு நம் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக்குச் சமம். அதன் மேல் முனைதான் முழங்கால். உயிருள்ள கோழியில் அது இறகுக்குள் வயிற்றோடு ஒட்டி மறைந்திருக்கும். நாம் பிடிக்கிற கீழ்முனைக் குமிழ் கணுக்கால். அதற்குக் கீழே செதில் மூடிய நீளமான பகுதி நம் பாதத்துக்குச் சமம். அதாவது கோழி ஆயுள் முழுக்க விரல்களை ஊன்றித்தான் நடக்கிறது. லெக் பீஸின் கீழ்முனையில் பல்லில் சிக்கும் வெள்ளை நாண்கள் இருக்கின்றனவே, அவற்றில் தடித்தது கணுவின் பின்புறம் ஒரு பள்ளத்தில் ஓடி, மொத்த உடம்பையும் நிமிர்த்திப் பிடிக்கிறது. அந்த நாணின் கதை பிறகு வரும்.

பச்சைக் குஞ்சைக் கையில் எடுத்தேன். தங்கூசி, அதாவது மீன்வலை நைலான் இழை, ஏதாவது சுற்றியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். நம் ஊரில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கரையிலும் தெருவிலும் அறுந்த வலைத் துண்டுகள் கிடக்கின்றன. அந்த நைலான் இழை ஒன்று குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. குஞ்சு வளரும், இழை வளராது. இழைக்குக் கீழே கால் வீங்கிக் கறுத்து, விரல் உதிர்ந்துபோகிறவரை நாம் வாதம் என்றே நினைத்துக்கொண்டிருப்போம். ஒற்றைக் கால் மட்டும் வீங்கியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் வருடிப் பாருங்கள். இழை தட்டுப்பட்டால் சிறு கத்தரியால் நறுக்கி எடுத்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.

இந்தக் குஞ்சுக்கு இழை இல்லை. கணு இரண்டும் வீங்கவில்லை, சூடும் இல்லை. விரல்கள் நேராக, பிரித்த விசிறிபோல் இருந்தன. அலகை விரலால் லேசாக அழுத்தினேன். கெட்டியாக இருந்தது, வளையவில்லை. பெட்டியிலிருந்து எடுத்துக் கோணிச்சாக்கின் மேல் விட்டேன். நகத்தால் சாக்கைப் பற்றி இழுத்து, ஒரு முறை எழுந்தும் நின்றது. மறுபடி விரிந்து விழுந்தது. நரம்பு நன்றாக இருக்கிறது, எலும்பும் நன்றாக இருக்கிறது. குற்றவாளி பெட்டியில் விரித்திருந்த செய்தித்தாள்.

பொரித்து வெளிவந்த முதல் நாட்களில் தொடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கு வலு குறைவு. தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சு மண்ணிலும் குப்பையிலும் நகத்தை ஊன்றி நடந்து அந்தத் தசையை முறுக்கேற்றிக்கொள்ளும். வழுக்கும் தாளில் விட்ட குஞ்சுக்கு ஒவ்வோர் அடியும் பக்கவாட்டில் சறுக்கல். இளம் எலும்பும் மூட்டும் அந்தக் கோணத்திலேயே வளர்ந்து இறுகிவிடும். அடைகாப்புப் பெட்டியில் வெப்பமும் ஈரமும் தவறினாலும் இதே குறை வரலாம் என்றாலும், வீட்டில் காண்கிற பெரும்பாலானவை தரையின் வேலை.

இதற்கு மருந்து கிடையாது, கட்டுதான். பேண்டெயிட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக நறுக்கி, கணுவுக்குக் கீழே இரு கால்களையும் சேர்த்து எட்டு வடிவில் சுற்ற வேண்டும். நடுவில் சுமார் ஒரு அங்குல இடைவெளி, அதாவது குஞ்சு இயல்பாக நிற்கும்போது கால்களுக்கிடையே இருக்கும் அகலம். இறுக்கினால் ரத்தம் நிற்கும். தளர்த்தினால் கட்டியும் கட்டாததுதான். தினமும் அவிழ்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும், ஏனென்றால் கால் தடிக்கிற வேகம் அப்படி. பெட்டியில் சாக்கு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவிட வேண்டும். கட்டோடு தடுக்கி விழுகிற குஞ்சு அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிச் சாகும். பிறந்த இரண்டு மூன்று நாளுக்குள் கட்டினால் மூன்று நான்கு நாளில் நேராகிவிடும். ஆறாம் நாள் என்பது கொஞ்சம் தாமதம்தான். கட்டினேன்.

இடையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரக் குஞ்சுக்கு அதன் முதுகு மட்டத்தில் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வாரம் மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். முன்பெல்லாம் குண்டு பல்பு தொங்கவிட்டால் போதும். இப்போது அதே பழக்கத்தில் எல்இடி பல்பைத் தொங்கவிடுகிறார்கள். வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், குஞ்சு குளிரில் விறைக்கும்.

என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று லாத்தாவிடம் கேட்டேன். "நொய்யிதான். பச்சரிசி நொய்யி, நல்லா கழுவி ஊறவச்சுப் போடுறேன்." பாசத்தோடுதான் கழுவியிருக்கிறார். ஆனால் வெறும் நொய் தின்ற கோழியின் காலிலிருந்துதான் உலகத்துக்கு வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே பிடிபடத் தொடங்கியது.

ஜாவா தீவில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டிய ஓர் ஆய்வகம். பெரிபெரி என்ற கால் மரத்துப்போகும் நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர். 1889இல் அவருடைய ஆய்வகக் கோழிகள் தள்ளாடத் தொடங்கின. முதலில் நடை கோணியது, பிறகு கால் மடங்கிக் கணுவில் உட்கார்ந்தன, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தன. முடக்கம் காலிலிருந்து மேலேறியது. கிருமி ஊசி போட்ட கோழிக்கும் வந்தது, போடாததற்கும் வந்தது. நவம்பர் கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் நோய் மறைந்தது. விசாரித்தால், நடுவில் சில மாதங்கள் ஆய்வக ஆள் மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருக்கிறார். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோறு சிவிலியன் கோழிக்குக் கிடையாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குப் போயின, எழுந்து நடந்தன. அந்தச் சமையல்காரர் மட்டும் தாராளமானவராக இருந்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ!

ஐக்மன் வேண்டுமென்றே திருப்பிச் செய்து பார்த்தார். தீட்டிய அரிசி தின்றவை சில வாரங்களில் முடங்கின. அதே அரிசியோடு தீட்டும்போது கழியும் தவிட்டைச் சேர்த்தால் முடங்கவில்லை. அவருடைய நண்பர் ஃபோர்டர்மன் ஜாவாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளில் கைதிகள் தின்னும் அரிசியைக் கணக்கெடுத்தபோது, தீட்டிய அரிசி போட்ட சிறைகளில்தான் பெரிபெரி குவிந்திருந்தது. ஆனாலும் ஐக்மன் வெகுகாலம், அரிசிமாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே நம்பினார். நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று இல்லாததுதான் நோய் என்று 1901இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் அங்கே வேலை பார்த்த கெரிட் கிரைன்ஸ். 1929இல் நோபல் பரிசு ஐக்மனுக்குப் போனது. கிரைன்சைப் பாடப்புத்தகங்கள் இன்றும் ஓரமாகத்தான் வைத்திருக்கின்றன.

நம் பக்கத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கி, புறாக்களுக்குத் தீட்டிய அரிசி கொடுத்துப் பார்த்தார். அந்தச் சிறு ஆய்வகம்தான் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' பி1, அதாவது தயமின். நரம்பு சர்க்கரையை எரித்துப் பிழைக்கிறது. அந்த எரிப்புக்குத் தயமின் வேண்டும். தட்டுப்பாடு வந்தால் உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில் தளரும். நீளமானவை காலுக்குப் போகிறவை. அதனால்தான் கால் முந்திக்கொள்கிறது. முற்றினால் குஞ்சு கணுவில் உட்கார்ந்து தலையைப் பின்னுக்கு வளைத்து வானத்தைப் பார்க்கும். நெல்லை அவித்தெடுக்கும் புழுங்கலில் இந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியில் தீட்டலோடு போய்விடுகிறது. மிச்சத்தைக் கழுவல் தண்ணீர் கொண்டுபோகும்.

பி2 குறைந்தால் வேறு காட்சி. பத்துப் பதினைந்து நாள் குஞ்சின் விரல்கள் கைமுஷ்டிபோல் உள்நோக்கிச் சுருளும். கணுவை ஊன்றி, இறக்கையைத் துடுப்பாக்கி நகரும். தொடை நரம்பு வீங்கியிருக்கும். சுருண்ட ஓரிரு நாளில் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தால் விரல் விரிகிறது. வாரக்கணக்கில் விட்டால் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் நரம்பு திரும்பாது. மோர்த்தெளிவில் தெரியும் இளம்பச்சை மஞ்சள் நிறம் இந்த பி2வின் நிறம்தான். முருங்கைக்கீரையிலும் ஈரலிலும் உண்டு. விரல் உள்நோக்கிச் சுருளாமல் பக்கவாட்டில் கோணியிருந்தால் அது வேறு, பெரும்பாலும் பிறவிக் கோணல். முதல் இரண்டு நாளில் அட்டையைப் பாத வடிவில் வெட்டி ஒட்டினால் நேராகும். ஆகாவிட்டாலும் கோழி அதோடு சுகமாக வாழும்.

இப்போது அந்த நாண். கணு வீங்கித் தட்டையாகி, அதற்குக் கீழே கால் வெளிப்புறமாகத் திருகிக்கொண்டு போனால், பள்ளத்தில் ஓட வேண்டிய நாண் பக்கவாட்டில் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். நல்ல காலையும் கெட்ட காலையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தால் கயிறு இடம் மாறியிருப்பது விரலுக்குத் தெரியும். மாங்கனீசு என்ற உலோகச் சத்து குறைந்தால் இது வருகிறது என்று 1930களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். கோலின் போன்ற வேறு சத்துக்குறைகளும் காரணமாகும். நழுவிய அன்றே காலைப் பின்னுக்கு நீட்டி நாணைப் பள்ளத்துக்குள் தள்ளிக் கட்டினால் சில குஞ்சுகள் பிழைக்கின்றன. நாட்பட்டதற்கு வழியில்லை. மாங்கனீசும் தவிட்டில்தான் தாராளம். நாம் தீட்டித் தள்ளுவதில் எத்தனை கால்கள் இருக்கின்றன பாருங்கள்.

அலகை அழுத்திப் பார்த்தேன் என்றேனே, அது எலும்பு மென்மையாகிப்போகும் நோய்க்கான சோதனை. இரண்டு மூன்று வாரக் குஞ்சு நடக்கத் தயங்கி, அலகு ரப்பர்போல் வளைந்தால், சுண்ணாம்புச் சத்தோ பாஸ்பரசோ வைட்டமின் டியோ போதவில்லை. 1922இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பாக் என்ற மூவர் வீட்டுக்குள் அடைத்து வளர்த்த குஞ்சுகளின் கால் தளர்ச்சியை ஆராய்ந்தார்கள். அதே காலத்து ஆய்வுகளில் மீன் ஈரல் எண்ணெயும் வெயிலும்தான் மருந்தென்று தெளிவானது. அதன் பிறகுதான் கோழியைக் கூரைக்குள்ளேயே ஆண்டு முழுக்க வளர்க்கலாம் என்ற துணிச்சல் உலகுக்கு வந்தது. இன்றைய நாமக்கல் கோழிப்பண்ணைகள் வரைக்கும் நீளும் கதை அது. கோழிக்கு உடம்பெல்லாம் இறகு. வெயில் எங்கே படும்? இறகில்லாத காலிலும் பாதத்திலும்தான். வைட்டமின் டியாக மாறும் மூலப்பொருள் அங்குள்ள தோலில், உடம்புத் தோலைவிடப் பல மடங்கு சேர்ந்திருக்கிறது. காலுக்குத் தேவையான வெயிலைக் காலே வாங்கிக்கொள்கிறது. கண்ணாடி ஜன்னல் வழியே விழும் வெயில் உதவாது, வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்தால் போதும். பாதி நிழலாக இருக்கட்டும்.

கடற்கரை ஊரில் கோழி வளர்ப்பது ஒரு கொடுப்பினை. தமிழ்நாட்டில் சொந்தமாகக் கோழித்தீவனம் கலப்பவர்கள் உப்பில்லாக் கருவாடு தேடி அலைவார்கள். நமக்கு அது வாசலில் காய்கிறது. புரதமும் சுண்ணாம்பும் பாஸ்பரசும் ஒருசேரக் கிடைக்கும். ஆனால் மூன்று எச்சரிக்கை. உப்புக் கருவாட்டைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். குஞ்சின் சிறுநீரகம் உப்பைத் தாங்காது, தண்ணீராய்க் கழிந்து, வயிற்றில் நீர் கோத்துத் தள்ளாடும். சில வகைப் பச்சை மீன்களில் தயமினை அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். மூன்றாவதுதான் கோழியைக் கொல்வது. அழுகிய மீன் குவியலில் நெளியும் புழு. பொட்டுலினம் என்ற நஞ்சைச் செய்யும் பாக்டீரியா அழுகலில் பெருகும். புழு அந்த நஞ்சைச் சேர்த்துவைத்துக்கொள்ளும், அதற்கு ஒன்றும் ஆகாது. பொறுக்கித் தின்ற கோழிக்கு ஒரு நாளில் கால் தளரும், பிறகு இறக்கை தொங்கும், கடைசியில் கழுத்து துணிபோல் துவளும். நேற்று ஓடிய பல கோழிகள் இன்று ஒருசேர உட்கார்ந்தால், வைட்டமின் பாட்டிலைத் தேடாமல் சுற்றுவட்டாரத்தில் செத்தது எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள், புதையுங்கள்.

வைரஸ் தரும் முடக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் வந்த பின் செய்ய அதிகமில்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டியபடி கிடந்தால், வயது ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தால், மாரெக் நோயைச் சந்தேகிக்க வேண்டும். புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் 1907இல் விவரித்தது. தொடைக்கறியைப் பிளந்தால் உள்ளே தட்டையான வெள்ளை நூல் ஒன்று ஓடுமே, அந்த நரம்பு இதில் தடித்து மஞ்சளித்திருக்கும். மருந்தில்லை. ஆனால் பொரித்த அன்றே போடும் தடுப்பூசி 1970 வாக்கில் வந்தது. புற்றுநோய் ஒன்றைத் தடுத்த முதல் தடுப்பூசி அதுதான். முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுகளே பெரும்பாலும் சாயம் பூசித் தெருவுக்கு வருகின்றன. அவற்றுக்கு யாரும் அந்த ஊசியைப் போட்டிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்து திருகி, காலும் இழுத்தால் அது ராணிக்கெட், நம் வாயில் வெள்ளைக் கழிச்சல். முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டுமருந்து உண்டு. எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி உண்டு. கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துவது வழக்கம். நேர்ச்சைக்கு விட்ட சேவலையாவது அங்கே தூக்கிப்போகலாம்.

மனிதருக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் கால்வாசியைப் பொடித்துப் போடும் பழக்கம் ஊரில் இருக்கிறது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது ஒரு பயனும் செய்யாது. கணு சூடாக வீங்கியிருந்தாலோ, பாதத்தில் கறுப்புப் பொருக்கோடு கட்டி இருந்தாலோ அது கிருமி வேலை. அதற்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவியைக் கேட்கலாம். ஒரு குஞ்சுக்காகவா என்று கூச்சப்படாதீர்கள்.

பச்சைக் குஞ்சின் கட்டை ஐந்தாம் நாள் அவிழ்த்தேன். வலது கால் நேராகிவிட்டது. இடது கால் இன்னும் கொஞ்சம் வெளியே போகிறது, ஓடும்போது தெரிகிறது. பச்சரிசி நொய்யைக் குறைத்து, தவிடும் பொடித்த உப்பில்லாக் கருவாடும் நறுக்கிய முருங்கைக்கீரையும் சேர்த்துப் போடுகிறார் லாத்தா. சாயம் உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்திருக்கிறது.

அடுத்த முறை குஞ்சுக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டு, பிள்ளைக்காக வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பெட்டியில் செய்தித்தாளை விரிக்காதீர்கள். பழைய கோணிச்சாக்கு ஒரு துண்டு போதும்.